ரூட் இல்லாமல் 42 சர்வர்கள்

பொறுப்பை ஒப்படைத்தவர் என் கையில் கொடுத்தது ஓர் எக்செல் தாள். அதில் 42 லினக்ஸ் சர்வர்களின் பெயர்களும், ஒவ்வொன்றின் எதிரிலும் அது என்ன வேலை செய்கிறது என்ற ஒரு வரிக் குறிப்பும், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு பயனர் பெயரும் இருந்தன. சர்வர்கள் ஜெர்மனியில் எங்கள் வாடிக்கையாளரின் தரவு மையத்தில் இருந்தன. நாங்கள் ஐந்து பேர் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்தோம். இயங்குதளம் அங்குள்ள நிர்வாகிகளின் பொறுப்பு. அதன்மேல் ஓடும் ஜாவா செயலிகளைப் புதுப்பிப்பதும், அமைப்புக் கோப்புகளைத் திருத்துவதும், பில் தயாரிக்கும் இரவு ஓட்டத்தைக் கவனிப்பதும் எங்கள் பொறுப்பு. எங்கள் பயனர் பெயருக்கு ரூட் உரிமை, அதாவது சர்வரில் எதையும் மாற்றக்கூடிய முழு நிர்வாக உரிமை, கிடையாது; கேட்டாலும் கிடைக்காது என்று அந்தத் தாளின் கடைசி வரியிலேயே எழுதியிருந்தது.

புதிய பதிப்பை ஏற்றுவதற்கான பராமரிப்பு நேரம் ஜெர்மனியில் இரவு 10 மணிக்குத் தொடங்கும்; குளிர்காலத்தில் அது இங்கே அதிகாலை 2.30. அந்த நேரத்தில் இருவர் உட்கார்ந்து, ஆளுக்கு 21 சர்வர்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நுழைந்து, கோப்பை நகலெடுத்து, பழையதை நிறுத்திப் புதியதைத் தொடங்குவோம். பதினைந்தாவது சர்வருக்குப் பிறகு எந்தத் திரையில் எந்தச் சர்வர் திறந்திருக்கிறது என்பதே குழம்பிவிடும். இதைத் தானியங்கியாக்கலாமே என்று நான் கேட்டபோது, ரூட் இல்லாமல் அதெல்லாம் நடக்காது என்ற பதில்தான் வந்தது. அப்படிச் சொன்னவர்களைக் குறை கூற முடியாது. பல சர்வர்களில் ஒரே வேலையைத் தானாகச் செய்துதரும் அன்சிபிள் என்ற கருவியைக் கற்றுக்கொடுக்கும் பாடங்களில் பெரும்பாலானவை, ரூட்டாக மாறிக்கொள் என்று பொருள்படும் ‘பிகம்’ வரியோடுதான் தொடங்குகின்றன. அந்த வரியை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை என்று தோன்றுவது இயல்பு.

உண்மையில் மிச்சம் நிறைய இருந்தது. 2012-இல் மைக்கேல் டிஹான் உருவாக்கி, 2015-இல் ரெட் ஹேட் நிறுவனம் வாங்கிய அன்சிபிள், நிர்வகிக்கப்படும் சர்வரில் தனக்கென ஓர் ஏஜென்டை, அதாவது எப்போதும் ஓடும் துணை நிரலை, நிறுவச் சொல்வதில்லை. தொலைவிலுள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியே நுழைந்து, ஒரு சிறிய பைத்தான் நிரலைத் தற்காலிக டைரக்டரியில் வைத்து ஓட்டி, விடையை வாங்கிக்கொண்டு, வைத்ததை அழித்துவிட்டுத் திரும்பிவிடும். ஆக, நாம் கையால் நுழைந்து எதையெல்லாம் செய்ய முடியுமோ அதையெல்லாம் அதனாலும் செய்ய முடியும். நம்மால் முடியாததை அதனாலும் செய்ய முடியாது. எங்கள் அதிகாலை வேலையில் ரூட் தேவைப்பட்ட படி ஏதாவது உண்டா என்று காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது, பதினோரு படிகளில் ஒன்றே ஒன்றுதான் தேறியது. அந்த ஒன்றுக்காக மற்ற பத்தையும் கையால் செய்துகொண்டிருந்தோம்.

அன்சிபிள் செய்ய வேண்டிய படிகளை எழுதிவைக்கும் கோப்புக்கு பிளேபுக் என்று பெயர். முதலில் எழுதிய பிளேபுக் எதையும் மாற்றவில்லை. கேள்விகளை மட்டும் கேட்டது. எங்கள் பயனருக்கென உள்ள ஹோம் டைரக்டரியில் எவ்வளவு இடம் மீதம், பைத்தான் எந்தப் பதிப்பு, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரானைப் பயன்படுத்த எங்களுக்கு அனுமதி உண்டா, எத்தனை கோப்புகளை ஒரே சமயத்தில் திறந்து வைத்திருக்கலாம், ரூட்டாகவோ வேறு பயனராகவோ கட்டளைகளை ஓட்டவிடும் சூடோ எங்கள் பெயரில் எதை அனுமதிக்கிறது என்று 42 சர்வர்களிலும் கேட்டு, விடைகளை ஒரே அட்டவணையாகக் கொண்டுவந்து கொடுத்தது. ஒரே மாதிரி இருப்பதாக எல்லோரும் நம்பிய சர்வர்களில் ஏழில் கிரான் அனுமதி இல்லை. மூன்றில் பைத்தான் 2.7 மட்டுமே இருந்தது. ரூட் உள்ளவருக்கு இத்தகைய வேறுபாடுகள் பெரிதாகத் தோன்றா, இல்லையென்றால் நிறுவிக்கொள்வார். நமக்கோ அவை நிர்வாகிகளுக்கு டிக்கெட் (கோரிக்கை) போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய விஷயங்கள். ஆகவே, பராமரிப்பு நேரத்துக்கு முந்தைய வாரமே அவை தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கும் எந்த மாற்றத்துக்கும் மூன்று நாள் முன்பாக அந்த பிளேபுக்கை ஓட்டாமல் நாங்கள் தொடங்குவதில்லை.

எஸ்எஸ்ஹெச் இணைப்பிலேயே இரண்டு நாள் போயிற்று. சென்னையிலிருந்து நேராகச் சர்வருக்குப் போக முடியாது. நடுவில் ஒரு ஜம்ப் சர்வர் உண்டு. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 7.3 பதிப்பிலிருந்து, அதாவது 2016 முதல், கிடைக்கும் ‘பிராக்ஸிஜம்ப்’ என்ற ஒரு வரி அதைத் தீர்த்துவிட்டது. ‘கன்ட்ரோல்பெர்சிஸ்ட்’ மூலம் ஒருமுறை திறந்த இணைப்பையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால், ஒவ்வொரு படிக்கும் புதிதாகக் கைகுலுக்கும் தாமதமும் குறைந்தது. ஆனால் ஐந்து சர்வர்கள் மட்டும், கடவுச்சொல்லுக்குப் பதிலாக நுழையப் பயன்படும் எங்கள் எஸ்எஸ்ஹெச் சாவியை ஏற்கவே இல்லை, கடவுச்சொல்லையே கேட்டுக்கொண்டிருந்தன. சாவி சரியாக இருந்தது, அதை வைத்திருந்த கோப்பின் அனுமதியும் சரியாக இருந்தது. ஏன் மறுக்கிறது என்ற காரணத்தைச் சர்வர் தன் பாதுகாப்புப் பதிவில் எழுதி வைத்திருக்கும். அந்தப் பதிவை ரூட் மட்டுமே படிக்க முடியும். பூட்டிய அறைக்குள் இருக்கும் விடையை வெளியே நின்று ஊகிக்கும் நிலைமை இது. ரூட் இல்லாதவர் வேலையில் பாதி இத்தகைய ஊகம்தான். கடைசியில், வேர் டைரக்டரியிலிருந்து அந்தக் கோப்புவரை வழியில் உள்ள ஒவ்வொரு டைரக்டரியின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும் ‘நேம்ஐ’ கட்டளையை ஓட்டிப் பார்த்ததில், ஹோம் டைரக்டரியிலேயே குழுவினர் எழுதலாம் என்று யாரோ திறந்துவிட்டிருந்தது தெரிந்தது. ஹோமில் பிறர் எழுத முடியுமானால் அதற்குள் இருக்கும் சாவியை எஸ்எஸ்ஹெச் நம்பாது. அனுமதியை மாற்றியதும் அடுத்த நொடியே உள்ளே விட்டது. அன்றிலிருந்து இந்தச் சோதனையும் கேள்வி பிளேபுக்கில் ஒரு வரி.

இனி, என்னை மிகவும் வெட்கப்பட வைத்த இரவைச் சொல்ல வேண்டும். பிளேபுக் ஓடத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதிகாலை மூன்று மணி இருக்கும். பக்கத்து இருக்கையில் இருந்த இளைஞன் திரும்பி, “அண்ணா, நாலு சர்வர் ஒண்ணா போச்சு போல” என்றான். திரையில் அந்த நான்கின் எதிரிலும் சிவப்பில் ‘அன்ரீச்சபிள்’ என்று இருந்தது, அதாவது தொடர்புகொள்ள முடியவில்லை. நான்கும் ஒரே பிரிவைச் சேர்ந்தவை. நெட்வொர்க் சுவிட்ச் ஏதோ விழுந்துவிட்டது என்று முடிவு கட்டி, விதிமுறைப்படி ஜெர்மனியில் பணியில் இருந்த நெட்வொர்க் பொறியாளரை அழைத்துவிட்டேன். அவர் இணைப்பில் வந்து, எல்லாம் சரியாக இருக்கிறதே என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், கையால் நுழைந்து பார்க்கலாம் என்று தோன்றியது. நான்கிலும் சிரமமில்லாமல் நுழைய முடிந்தது.

பிளேபுக்கை விரிவான வெளியீட்டோடு மறுபடி ஓட்டியபோது உண்மை வெளிவந்தது. அன்சிபிள் சர்வருக்குள் நுழைந்திருக்கிறது. ஹோமில் தன் தற்காலிக டைரக்டரியை உருவாக்க முயன்றிருக்கிறது. வட்டு ஒதுக்கீடு தீர்ந்துவிட்டதால் முடியவில்லை. இப்படித் தற்காலிக டைரக்டரி உருவாகாமல் போவதையும் அது ‘தொடர்புகொள்ள முடியவில்லை’ என்ற தலைப்பின் கீழேயே சேர்த்துவிடுகிறது. நான் தலைப்பை மட்டும் படித்தேன். அடுத்த வரியில் ‘தற்காலிக டைரக்டரியை உருவாக்க இயலவில்லை’ என்று தெளிவாகவே எழுதியிருந்தது. நான்கு சர்வர்களும் சேர்ந்து விழுந்ததற்குக் காரணம், அவை நான்குக்கும் ஹோம் ஒன்றே. நெட்வொர்க்கில் வட்டைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாகப் பகிரப்பட்ட ஒரே வட்டு. ஒதுக்கீடு 5 ஜிபி. அன்று மாலை ஒரு ஜாவா செயலி நினைவகம் போதாமல் விழுந்தபோது, ஆய்வுக்காகத் தன் நினைவகம் முழுவதையும் அப்படியே ஒரு கோப்பாகக் கொட்டிவைத்திருந்தது. அந்த ஒரு கோப்பே கிட்டத்தட்ட 4 ஜிபி. நெட்வொர்க் பொறியாளரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். நான் சிரிக்கவில்லை.

அடுத்த நாளே மூன்று மாற்றங்கள் செய்தோம். அன்சிபிளின் தற்காலிக டைரக்டரியை என்எஃப்எஸ்ஸிலிருந்து நீக்கி, சர்வரின் சொந்த வட்டில், எங்களுக்கு மட்டும் அனுமதி உள்ள ஒரு டைரக்டரிக்கு மாற்றினோம். ஜாவா தன் நினைவகக் கொட்டலை வேறு வட்டில் வைக்குமாறு அதன் தொடக்க அளபுருக்களில் சொல்லிவிட்டோம். கேள்வி பிளேபுக்கின் முதல் படியாக, பைத்தானோ தற்காலிக டைரக்டரியோ தேவைப்படாத ‘ரா’ என்ற அன்சிபிள் மாட்யூல் (ஒரு படியைச் செய்யும் துணை நிரல்) மூலம், ஹோமில் 10 எம்பி கோப்பு ஒன்றை எழுதி அழித்துப் பார்க்கும் சோதனையைச் சேர்த்தோம். வட்டில் இடம் இருக்கிறதா என்று ‘டிஎஃப்’ கட்டளையிடம் கேட்டால், அது பெரும்பாலும் முழு வட்டின் கணக்கைச் சொல்லுமே தவிர நம் ஒதுக்கீட்டைச் சொல்லாது. எழுதிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

ரூட் தேவைப்பட்ட அந்த ஒரு படிக்கு வருகிறேன். எங்கள் செயலிகளுக்கு முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் நிர்வாகிகளுடையது. 1024-க்குக் கீழே எண் உள்ள போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) இணைப்புகளை ஏற்க ரூட் வேண்டும் என்பதால் 443 அவர்களிடம் இருந்தது, எங்கள் செயலிகள் 8443-இல் இணைப்புகளை ஏற்றுக்கொண்டிருந்தன. சான்றிதழ் மாறும்போது மட்டும் என்ஜின்எக்ஸை மறுதொடக்கம் செய்ய வேண்டும். இந்த ஒரு கட்டளையை மட்டும் சூடோ வழியாக அனுமதியுங்கள் என்று கேட்டோம். நிர்வாகிகள் தயக்கமின்றிக் கொடுத்தார்கள். பிளேபுக்கில் அந்தப் படிக்கு மட்டும் ‘பிகம்’ போட்டேன். மறுத்துவிட்டது. கையால் தட்டினால் வேலை செய்கிறது, அன்சிபிள் வழியாக மட்டும் மறுக்கிறது. நிர்வாகிகளிடம், நீங்கள் கொடுத்த அனுமதி சரியில்லை என்று சற்றே அதிகாரத் தொனியில் எழுதியும்விட்டேன்.

தவறு என்னுடையது. ‘பிகம்’ போட்டால் அன்சிபிள் சூடோவிடம் ‘என்ஜின்எக்ஸை மறுதொடக்கம் செய்’ என்று கேட்பதில்லை. ‘எனக்கு ரூட்டாக, கட்டளைகளை ஓட்டும் ஒரு ஷெல்லைத் திற, அதற்குள் இந்தப் பைத்தான் நிரலை ஓட்டு’ என்றுதான் கேட்கிறது. அந்த நிரலின் பாதையும் நேரத்தையும் தற்செயல் எண்ணையும் கொண்டு ஒவ்வொரு முறையும் மாறும். குறிப்பிட்ட ஒரு கட்டளைக்கு மட்டும் கொடுத்த அனுமதி இதற்குப் பொருந்தவே பொருந்தாது. பொருந்தும்படி அனுமதியை விரித்தால், அது முழு ரூட்டைக் கொடுப்பதற்குச் சமம். இந்த வரம்பு அன்சிபிளின் ஆவணங்களிலேயே எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. வழி எளியது. ‘பிகம்’ வேண்டாம், சாதாரண ‘கமாண்ட்’ மாட்யூலில், சூடோவோடு சேர்த்து அந்தக் கட்டளையை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதினால் போதும். இங்கே இரண்டு நுணுக்கங்கள் உண்டு. சூடோவுக்கு ‘-என்’ என்ற தெரிவைக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அனுமதி இல்லாதபோது கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நிற்காமல் உடனே தோல்வியைச் சொல்லும். அடுத்து, அனுமதியில் ‘என்ஜின்எக்ஸ்’ என்று இருந்து நாம் பின்னொட்டுச் சேர்த்து ‘என்ஜின்எக்ஸ்.சர்வீஸ்’ என்று எழுதினால், பொருள் ஒன்றே ஆனாலும் மறுக்கப்படும். சூடோவுக்கு இலக்கணம் தெரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும்.

சூடோ பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கேள்வி பிளேபுக் கொண்டுவந்த அட்டவணையில், இரண்டு பழைய சர்வர்களில் ஓர் அமைப்புக் கோப்பை ‘விஐ’ எடிட்டர் மூலம் ரூட்டாகத் திருத்த எங்கள் பயனருக்கு அனுமதி இருந்தது தெரிந்தது. எப்போதோ யாரோ அவசரத்துக்குக் கொடுத்து மறந்தது. விஐ-க்குள்ளிருந்தே ஷெல்லைத் திறக்க முடியும் என்பதால், அந்த அனுமதி உண்மையில் அந்த இரு சர்வர்களின் முழு ரூட். குழுவில் ஒருவர், இருக்கட்டும், என்றாவது உதவும் என்றார். நான் அன்றே நிர்வாகிகளுக்கு எழுதினேன்; அவர்கள் அதை நீக்கி, கோப்பின் நகலை மட்டும் நம் உரிமையில் திருத்தவிடும் ‘சூடோஎடிட்’ என்பதாக மாற்றினார்கள். இது நேர்மை பற்றிய கதை மட்டும் அல்ல. திறந்து கிடக்கும் பின்கதவை நம்பி பிளேபுக் எழுதினால், அது என்றைக்கு அடைக்கப்படும் என்று நமக்குச் சொல்லமாட்டார்கள். அந்த நாள் நிச்சயமாகப் பராமரிப்பு இரவாகத்தான் இருக்கும். செயலிகளைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்த, டாக்கர் குழுவில் நம்மைச் சேர்த்துவிடச் சொல்லி நைசாகக் கேட்பதும் இதே கணக்குதான்; அந்தக் குழுவில் இருப்பவர் நினைத்தால் ரூட் ஆகிவிடலாம் என்பது எந்த நிர்வாகிக்கும் தெரியும். கேட்டு மரியாதையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரூட்டாக அன்றி இன்னொரு சாதாரணப் பயனராக மாறுவதில் வேறொரு சிக்கல் இருந்தது. எங்கள் நுழைவுப் பயனர் வேறு, செயலிகள் ஓடும் பயனர் வேறு. முதலாமவர் சூடோ மூலம் இரண்டாமவராக மாறலாம். அன்சிபிள் தன் தற்காலிகக் கோப்பை நுழைவுப் பயனருக்கு மட்டும் அனுமதி உள்ளதாக எழுதுகிறது. அதைச் செயலிப் பயனர் படிக்க முடியாது. சர்வரில் ஏசிஎல் வசதி (கோப்புக்குப் பயனர்வாரியாக அனுமதி தருவது) இருந்தால் அன்சிபிளே அனுமதியைச் சரிசெய்துகொள்ளும். எங்கள் சர்வர்களில் அது செல்லவில்லை. ‘பைப்லைனிங்’ என்ற அமைப்பை இயக்கினால் நிரல் கோப்பாக இறங்காமல் நேராகப் பைத்தானுக்கு ஊட்டப்படும் என்பதால் பெரும்பாலான படிகள் சரியாகிவிட்டன. கோப்பை நகலெடுக்கும் படிகள் மட்டும் தொடர்ந்து அடம்பிடித்தன. தற்காலிகக் கோப்பை எல்லோரும் படிக்கும்படி திறந்துவிடும் ஒரு தெரிவும் உண்டு. கடவுச்சொற்கள் உள்ள அமைப்புக் கோப்புகளை அனுப்பும் எங்களுக்கு அது ஆகாது. முடிவாக, செயலிப் பயனராகவே நேரடியாக நுழைய ஒரு தனிச் சாவியைக் கேட்டோம். பலர் பகிரும் கணக்கு என்று தணிக்கையாளர்கள் ஆட்சேபித்தார்கள். அந்தச் சாவி ஜம்ப் சர்வரின் முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே செல்லும் என்று சாவிக் கோப்பிலேயே கட்டுப்பாடு எழுதிக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஆறு வாரப் பேச்சுவார்த்தை. கிடைத்தது ஒரு வரி. ஆனால் அதன்பின் பிளேபுக்கிலிருந்து நாற்பது வரிகள் நீங்கின.

செயலிகளை ஓடவிட்டு வைப்பது எப்படி என்பதிலும் கொஞ்சம் பட்டோம். முன்பெல்லாம், நாம் வெளியேறிய பின்பும் நிரலை ஓடவிடும் ‘நோஹப்’ போட்டுவிட்டு வெளியேறுவதே வழக்கம். இயங்குதளத் திருத்தங்களுக்காக நிர்வாகிகள் ஞாயிறு இரவு சர்வரை மறுதொடக்கம் செய்தால், திங்கள் காலை எதுவும் ஓடாது. சேவைகளைத் தொடங்கிக் கவனிக்கும் சிஸ்டம்டி-யைப் பயனர் அளவிலேயே பயன்படுத்தலாம். சேவைக் கோப்பை நம் ஹோமிலேயே வைத்துக்கொள்ளலாம், ரூட் வேண்டாம். ஒரு நிபந்தனை உண்டு: அந்தப் பயனருக்கு ‘லிங்கர்’ இயக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நாம் கடைசியாக வெளியேறியதும் நம் சேவைகளும் நின்றுவிடும். மறுதொடக்கத்துக்குப் பின் யாராவது நுழையும்வரை அவை எழா. எங்களுக்கு அதை நிர்வாகிகள்தான் இயக்கித் தந்தார்கள். ஒரு சர்வருக்கு ஒரே ஒரு முறை, ஒரே ஒரு கட்டளை. அன்சிபிள் வழியாகப் பயனர் சேவையை இயக்கும்போது ‘எக்ஸ்டிஜி ரன்டைம் டைரக்டரி’ என்ற சூழல் மாறியைப் பயனர் எண்ணோடு நாமே கொடுத்துவிடுவது நல்லது. அது இல்லாத அமர்வில் ‘பஸ்ஸுடன் இணைய முடியவில்லை’ என்று ஒரு பிழை வரும், அதைப் பார்த்தால் எதுவும் புரியாது. இந்த வசதி கிடைக்காத பழைய சர்வர்களில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, ஓடாவிட்டால் தொடங்கும் ஒரு கிரான் ஸ்கிரிப்டை வைத்தோம். கிரான் நம் ஷெல்லின் சூழலைப் படிப்பதில்லை. ஜாவா எங்கே இருக்கிறது என்பதை ஸ்கிரிப்டுக்குள்ளேயே முழுப் பாதையாக எழுத வேண்டும். கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை என்ற புலம்பலுக்குப் பத்தில் ஒன்பது முறை இதுவே காரணமாக இருந்தது.

இந்தக் கிரான் ஸ்கிரிப்ட்தான் எங்கள் மிகப் பெரிய விபத்துக்கும் வழிவகுத்தது. ஓடும் செயலியின் புராசஸ் எண்ணை, அதாவது ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் எண்ணை, அது ஹோமில் ஒரு கோப்பில் எழுதிவைக்கும்; நிறுத்தும்போது அந்த எண்ணைப் படித்து நிறுத்துவது எங்கள் அப்போதைய முறை. ஹோம் நான்கு சர்வர்களுக்குப் பொது என்பதை ஒருமுறை பட்டும், இந்தக் கோப்பும் அதே ஹோமில்தான் இருக்கிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அன்சிபிள் இயல்பாகவே ஒரே சமயத்தில் ஐந்து சர்வர்களில் வேலை செய்யும். நான்கு சர்வர்களும் ஒரே கோப்பில் தங்கள் எண்ணை எழுதின. கடைசியாக எழுதியவரின் எண் நின்றது. அடுத்த முறை நிறுத்தச் சொன்னபோது நான்கு சர்வர்களும் அந்த ஒரே எண்ணைத் தேடின. இரண்டில் அந்த எண்ணில் எதுவும் இல்லை. பழைய செயலி நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றில் சரியாக நின்றது. நான்காவதில் அந்த எண் எங்கள் இரவு ஓட்டத்துக்குச் சொந்தமாக இருந்தது.

ரூட் இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று ஒரு நினைப்பு நம்மிடம் உண்டு. பிறருடைய புராசஸை நம்மால் நிறுத்த முடியாது என்பது உண்மை. நம்முடையதை நிறுத்த எந்தத் தடையும் இல்லை, நமக்கு முக்கியமானவையெல்லாம் நம்முடைய பெயரில்தான் ஓடுகின்றன. பில் கோப்பு பாதியில் அறுந்தது. அதைக் கண்டுபிடித்து, பாதி எழுதியதை நீக்கி, தொடக்கத்திலிருந்து ஓட்டி முடிக்கும்போது இங்கே பிற்பகல் ஆகிவிட்டது. ஜெர்மனியில் அலுவலகம் திறந்து சில மணி நேரமும் ஆகியிருந்தது. அதன்பின் எண் கோப்பு எதுவாக இருந்தாலும் அதன் பெயரில் சர்வரின் பெயரும் சேரும். அதோடு, நிறுத்துவதற்கு முன் அந்த எண்ணில் ஓடுவது எங்கள் செயலிதானா என்று அதன் கட்டளை வரியைப் படித்துச் சரிபார்க்கும். பொது ஹோம் உள்ள பிரிவுகளை இன்வென்டரியில் (அன்சிபிளின் சர்வர் பட்டியலில்) தனிக் குழுவாகக் குறித்து, ஹோமில் எழுதும் படிகளைக் குழுவுக்கு ஒருமுறை மட்டும் ஓடவைத்தோம். புராசஸைத் தொடும் படிகள், பிளேபுக்கில் ‘சீரியல்’ என்ற ஒரு வரியால், ஒவ்வொரு சர்வராகவே போகின்றன. நேரம் கொஞ்சம் கூடுகிறது, கூடட்டும்.

பதிப்புகளை ஏற்றும் முறை சுருக்கமானது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு தனி டைரக்டரி. ‘கரன்ட்’ என்ற சிம்லிங்க், அதாவது வேறொரு டைரக்டரியைச் சுட்டும் பெயர், நடப்புப் பதிப்பைக் காட்டும். மாற்றும்போது இருக்கிற சிம்லிங்கின் மேலேயே எழுதாமல், புதிய சிம்லிங்கை வேறு பெயரில் உருவாக்கி, ‘எம்வி’ கட்டளையை ‘-டி’ தெரிவோடு ஓட்டிப் பழையதன் இடத்தில் நகர்த்துகிறோம். இடையில் சிம்லிங்கே இல்லாத ஒரு கணம் ஏற்படுவதில்லை. பின்வாங்க வேண்டுமானால் பழைய டைரக்டரியை மறுபடி காட்டினால் போதும். முழுவதும் நம் ஹோமுக்குள் நடப்பதால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஒருமுறை ரூட் இல்லாததே எங்களுக்கு வசதியாக அமைந்தது. 2024 மே மாதம் வந்த அன்சிபிள் கோர் 2.17, எதிர்முனைச் சர்வரில் பைத்தான் 3.7-ஆவது இருக்க வேண்டும் என்று வரம்பை உயர்த்திவிட்டது. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இன் உள்ளமைந்த பைத்தான் 3.6. வேறு பைத்தான் பதிப்பை அதில் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் டிஎன்எஃப் மாட்யூலுக்குத் தேவையான இணைப்புகள் 3.6-க்கு மட்டுமே உண்டு. நிர்வாகிகள் பழைய அன்சிபிளிலேயே தங்க வேண்டியதாயிற்று. தொகுப்புகளை நிறுவும் உரிமையே இல்லாத எங்களுக்கு அந்த மாட்யூல் எதற்கு? அங்கே ஏற்கெனவே இருந்த பைத்தான் 3.9-ஐச் சுட்டிக்காட்டிவிட்டு மேலே போய்விட்டோம்.

நிர்வாகிகளோடு உறவு சீரானதற்கு டிக்கெட் எழுதும் முறையை மாற்றியதும் ஒரு காரணம். முன்பு ‘சர்வரில் லிங்கர் இயக்கவும்’ என்று ஒரு வரி எழுதுவோம். எந்தச் சர்வர், ஏன், என்ன பாதிப்பு என்று அவர்கள் கேட்க, நாங்கள் சொல்ல, நேர வேறுபாட்டில் ஒரு கேள்விக்கு ஒரு நாள் கழியும். இப்போது கேள்வி பிளேபுக்கே குறை உள்ள சர்வர்களின் பட்டியலையும், ஓட்ட வேண்டிய கட்டளையையும், அது சரியாக நடந்ததா என்று பார்க்கும் கட்டளையையும், திரும்பப் பெற வேண்டுமானால் எதை ஓட்ட வேண்டும் என்பதையும் உரையாக எழுதிக் கொடுக்கிறது. அதை அப்படியே டிக்கெட்டில் ஒட்டுகிறோம். முடிந்தது என்று அவர்கள் மூடியதும் பிளேபுக் மறுபடி ஓடிச் சரிபார்க்கும். அவர்களில் மூத்தவர் ஒருவர், மற்றக் குழுக்களையும் இப்படியே எழுதச் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தார். எங்கள் குழுவுக்கு வந்த பாராட்டுகளில் நான் சேமித்து வைத்திருக்கும் மின்னஞ்சல் அது ஒன்றுதான்.

அதிகாலை வேலை இப்போது ஒருவரால், 50 நிமிடத்தில் முடிகிறது. பைத்தான் 2.7 மட்டும் உள்ள அந்த மூன்று சர்வர்கள் இன்னும் இருக்கின்றன. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7-க்கான பராமரிப்பு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டபோதும், அவற்றில் ஓடும் ஒரு பழைய செயலியை யாரும் தொட விரும்பவில்லை. அவற்றுக்கு மட்டும் ‘ரா’ மாட்யூலால் எழுதிய தனி பிளேபுக் ஒன்று, 60 வரி ஷெல் கட்டளைகளோடு, அசிங்கமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மாற்றித் தரும்படி போட்ட டிக்கெட்டுக்கு, அடுத்த காலாண்டில் பார்க்கிறோம் என்ற பதில் மூன்றாவது முறையாக வந்திருக்கிறது.